திருவிழா மேடையில் லேப்டாப்: குற்றம் கணினியில் அல்ல, திரையில் வைத்த கட்டுப்பாடுகளில்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மேடைகளுக்கு ஓய்வில்லை. ஒருபக்கம் முளைக்கொட்டு, பூக்குழி. இன்னொருபக்கம் ஜூலை 25-ஐ ஒட்டி மூக்கையூரிலும் தங்கச்சிமடம் வேர்க்காட்டிலும் சந்தியாகப்பர் திருவிழா. இந்த மேடைகளில் ஏறும் இன்னிசைக் குழுக்கள் பலவற்றில் இப்போது கீபோர்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் உட்கார்ந்திருக்கிறது. நாதஸ்வரம், வயலின் கூட்டம், உடுக்கை, பிராஸ் எல்லாம் அதற்குள்ளிருந்துதான் ஒலிக்கின்றன. கீபோர்டின் வேலை மிடி அனுப்புவது மட்டும்; அதாவது எந்தச் சாவி, எந்த நாப் அசைந்தது என்ற செய்தியைக் கணினிக்குச் சொல்வது.

பாட்டின் நடுவே வயலின் கூட்டம் திடீரென்று எகிறினாலும், ஒரு சுரம் விடாமல் இழுத்துக்கொண்டே கிடந்தாலும், பழி உடனே லேப்டாப் மேல் விழுகிறது. விழாக் கமிட்டியாரும் பாடகர்களும் அப்படி நினைப்பதைத் தவறென்று சொல்ல முடியாது. அவர்கள் கண்ணுக்குப் புதிதாகத் தெரிவது அது ஒன்றுதான். ஆனால் இந்தக் கோளாறுகளில் பெரும்பகுதி, மென்பொருளின் திரையில் தள்ளும் ஃபேடர், திருகும் நாப், அழுத்தும் பட்டன்களை அமைத்த விதத்தால் வருகிறது. வீட்டில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம். சீசன் தொடங்குமுன் கீபோர்டு வாசிப்பவர்கள் பார்த்து வைக்கவேண்டியவற்றை உங்கள் இதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம். கொஞ்சம் நீளும்; இடம் கொடுத்து வெளியிட வேண்டும்.

மேடைக்கென்றே இருக்கும் மென்பொருள்கள் சில. மேக் கணினியில் மெயின்ஸ்டேஜ், விண்டோஸில் கேன்டபிலே, இரண்டிலும் ஓடும் கிக் பெர்ஃபார்மர், ஏபிள்டன் லைவ். பெயர்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றே. கீபோர்டில் இருக்கும் நிஜ நாப் ஒரு பக்கம், ஒலியைத் தரும் ப்ளக்-இன் மறுபக்கம். திரையில் நாம் வரைந்து வைக்கும் நாப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே இணைப்புகளும் இரண்டு. நிஜ நாப்பைத் திரை நாப்போடு சேர்ப்பது முதலாவது. "லேர்ன்" என்று அழுத்திவிட்டு நாப்பைத் திருப்பினால் அது பதிந்துவிடும். திரை நாப்பை ப்ளக்-இன்னின் வால்யூமோடோ, எதிரொலி தரும் ரிவெர்போடோ சேர்ப்பது இரண்டாவது. மெயின்ஸ்டேஜில் முதல் வேலையை லேஅவுட் என்ற நிலையிலும் இரண்டாவதை எடிட் நிலையிலும் செய்யவேண்டும். வாசிக்கும்போது பெர்ஃபார்ம் நிலை. கிக் பெர்ஃபார்மரில் திரை நாப்புக்கு விட்ஜெட் என்று பெயர். ஏபிள்டனில் கன்ட்ரோல் (மேக்கில் கமாண்ட்), எம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மேப் நிலை வரும். திரையில் எதைத் தொட்டுவிட்டு நிஜ நாப்பைத் திருப்புகிறோமோ அது பிடித்துக்கொள்ளும். அங்கே செட்டிங்ஸில் அந்தக் கீபோர்டுக்கு நேராக "ரிமோட்" இயக்கத்தில் இல்லையென்றால் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் பதியாது.

இதில் முதல் கண்ணி இரட்டைப் பாதை. மிடியில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் சிசி என்ற வரிசையில் ஓர் எண் உண்டு. கீபோர்டின் வால்யூம் ஸ்லைடர் பெரும்பாலும் சிசி 7 என்ற எண்ணில் செய்தி அனுப்பும். அதைத் திரை ஃபேடரோடு சேர்த்த பிறகும், அதே சிசி 7 சாவிகளின் செய்தியோடு கலந்து நேராக ப்ளக்-இன்னுக்கும் போய்க்கொண்டிருக்கலாம். பல ப்ளக்-இன்கள் சிசி 7-ஐத் தாமாகவே வால்யூமாக எடுத்துக்கொள்ளும். ஒரே ஸ்லைடர் இரண்டு இடத்தில் ஒலியைக் குறைக்கும். மிடி தரத்தின் பரிந்துரைப்படி சிசி 7-இன் மதிப்பு 127 என்றால் முழு ஒலி, 100 என்றால் சுமார் 4 டெசிபல் குறைவு, 64 என்றால் சுமார் 12 டெசிபல் குறைவு. இரண்டு இடத்தில் பன்னிரண்டு பன்னிரண்டாகக் குறைந்தால் 24 டெசிபல் போய்விடும். பாதிதானே இறக்கினோம் என்று நினைத்த வயலின் கூட்டம் காணாமலே போகும். இதைவிடக் கெட்டது, அடுத்த பாட்டுக்கு மாறும்போது திரை ஃபேடர் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், ப்ளக்-இன்னுக்குள் இறங்கிய மதிப்பு அப்படியே நிற்கும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், ஒலி மட்டும் வராது. எனவே ப்ளக்-இன்னுக்குப் போகும் மிடி வழியில் வடிகட்டி வைத்து, திரையில் பயன்படுத்திய சிசி எண்கள் அத்தனையையும் அங்கே தடுத்துவிடுங்கள். சாவிகள், சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட், சுரத்தை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடலான சிசி 64, மாடுலேஷனான சிசி 1, எக்ஸ்பிரஷன் பெடலான சிசி 11 ஆகியவை மட்டும் நேர்வழியில் போகட்டும். சரியாக அடைபட்டதா என்று பார்ப்பதும் எளிது: திரை ஃபேடரின் இணைப்பை ஒரு நிமிடம் எடுத்துவிட்டு நிஜ ஸ்லைடரை அசையுங்கள், ஒலி துளியும் மாறக்கூடாது.

ஒலியை ஏற்றி இறக்கும் எக்ஸ்பிரஷன் கால் பெடலுக்கு சிசி 11 இருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு அளவு வைப்பதைத் திரை ஃபேடருக்கும், பாட்டுக்குள் ஏற்ற இறக்கம் செய்வதை சிசி 11 பெடலுக்கும் விட்டால் இரண்டும் மோதிக்கொள்ளாது. பெடலையும் ஃபேடரையும் ஒரே வால்யூமில் கட்டினால் எது கடைசியாக அசைந்ததோ அதன் சொல்தான் செல்லும். பெடலில் கால் லேசாகப் பட்டால்கூட ஃபேடரில் வைத்த அளவு அழிந்துவிடும்.

அடுத்த கண்ணிதான் மேடையில் மிகுதியாகக் காலை வாருவது. நிஜ நாப்பின் இடமும் திரை நாப்பின் மதிப்பும் ஒத்துப்போகாமை. முந்தைய பாட்டில் ஸ்லைடரை உச்சியில் வைத்திருக்கிறோம். அடுத்த பாட்டில் அதே ஸ்லைடருக்கு உரிய திரை ஃபேடர் 40-இல் தொடங்குகிறது. ஸ்லைடரை ஒரு மில்லிமீட்டர் அசைத்ததும் மதிப்பு 40-இலிருந்து 126-க்குத் தாவும். கூட்டம் கேட்கும் அந்த எகிறல் இதுதான். இதற்கு மென்பொருள்களில் மூன்று வழிகள் உண்டு. "ஜம்ப்" என்றால் நிஜ நாப் சொல்வதே சட்டம், உடனே தாவும். "பிக்-அப்" என்றால் நிஜ நாப் திரை மதிப்பைத் தொட்டுக் கடக்கும்வரை ஒன்றும் நடக்காது, கடந்ததும் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைச் சிறிது சிறிதாகச் சுருக்குவது; ஏபிள்டனில் "வேல்யூ ஸ்கேலிங்" என்று இருக்கும். வால்யூமுக்கு பிக்-அப் வையுங்கள் என்பதே எங்கள் கருத்து. முதலில் ஸ்லைடர் செத்துவிட்டதோ என்று தோன்றும். கை பழகிவிட்டால் திரையைப் பார்த்துக்கொண்டே ஸ்லைடரைக் கொண்டுபோய்ப் பிடித்துவிடலாம். எகிறிய ஒலியை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. ஜம்ப்பை மாடுலேஷன் வீலுக்கும் எக்ஸ்பிரஷன் பெடலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவை எப்போதும் கையிலோ காலிலோ இருப்பவை.

முடிவே இல்லாமல் சுற்றும் என்கோடர் நாப் உள்ள கருவியென்றால் இந்தச் சிக்கலே இல்லை. அது "எங்கே இருக்கிறேன்" என்று சொல்லாமல் "ஒரு படி ஏறு, ஒரு படி இறங்கு" என்று மட்டும் சொல்லும். ஆனால் அந்தச் சொல்லில் மூன்று மொழி உண்டு. ஒருவகைக் கருவி ஏற 1, இறங்க 127 அனுப்பும். இன்னொன்று ஏற 65, இறங்க 63. மூன்றாவது ஏற 1, இறங்க 65. கருவி பேசுவதும் மென்பொருள் எதிர்பார்ப்பதும் வேறாக இருந்தால், வலப்பக்கம் திருப்பினாலும் இடப்பக்கம் திருப்பினாலும் திரை நாப் ஒரே திசையில் ஓடும், அல்லது ஒரு திருப்பில் கடைசிக்குத் தாவும். வரும் மிடி செய்திகளை வரி வரியாகக் காட்டும் மிடி மானிட்டரைத் திறந்து மெதுவாக ஒரு படி இப்படி, ஒரு படி அப்படித் திருப்பி வரும் எண்ணைப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். அதற்கேற்ற ரிலேட்டிவ் வகையை மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பட்டன்களிலும் இதே போன்ற தகராறு. கருவியின் பட்டன் "டாகிள்" முறையில் இருந்தால் முதல் அழுத்தலுக்கு 127, இரண்டாவதற்கு 0 அனுப்பும். திரை பட்டனும் டாகிள் என்றால், அது 127 வரும்போது மட்டும் நிலை மாறும். விளைவு, ஒவ்வொரு முறையும் இரண்டுதரம் அழுத்தவேண்டி வரும். அவசரத்தில் இது தலைவலி. நிஜ பட்டனை "மொமென்டரி"யாக்கி, அதாவது அழுத்தும்போது 127, விடும்போது 0 என்று வைத்து, நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையைத் திரைக்கு மட்டும் கொடுங்கள். பெரும்பாலான சிறு கருவிகளுக்கு இதை மாற்ற அவற்றின் எடிட்டர் மென்பொருளே கிடைக்கும்.

எல்லையைக் கட்டுவதில் சோம்பல் வேண்டாம். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். பலர் அவற்றைத் தொடுவதே இல்லை. வால்யூம் ஃபேடரின் மேல் எல்லையை 0 டெசிபலில், அதாவது ஒலி கூடாமலும் குறையாமலும் போகும் இடத்தில் நிறுத்துங்கள், +6 வரை விடாதீர்கள். ரிவெர்புக்கு 0 முதல் 35 சதவீதம் போதும். திறந்த வெளியில் ஹார்ன் ஒலிபெருக்கி வழியாகப் போகும் பாட்டுக்கு அதற்குமேல் ரிவெர்ப் வைத்தால் சொல் புரியாது. நாப்பின் முழுச் சுற்றும் பயனுள்ள பகுதிக்குள்ளேயே ஓடும்போது கைக்கு நுணுக்கமும் கிடைக்கிறது. ஏனென்றால் சாதாரண மிடி நாப்புக்கு இருப்பது மொத்தம் 128 படிகள்தான்.

கடற்கரைக்கே உரிய ஒரு தொல்லையை இங்கே சொல்லியாக வேண்டும். ஆடியில் கச்சான் காற்று தென்கடல் பக்கமிருந்து உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். இரவு ஏறஏற ஸ்லைடரின் கார்பன் தடத்திலும் ஜாக்குகளிலும் மெல்லிய ஈரப்படலம் நிற்கும். அப்போது யாரும் தொடாமலேயே ஸ்லைடர் 63, 64, 63 என்று துடித்துக்கொண்டிருக்கும். இதனால் இரண்டு கெடுதல். பிக்-அப் வைத்த ஃபேடர்கூட, ஸ்லைடர் அந்த மதிப்பின் பக்கத்திலேயே துடித்தால் தானாகப் பிடித்துக்கொண்டு நடுங்கும். இன்னொன்று, லேர்ன் அழுத்தியதும் நாம் திருப்பும் நாப்புக்குப் பதிலாகத் துடிக்கும் ஸ்லைடரின் எண் பதிந்துவிடும். "ரிவெர்புக்கு வைத்த நாப் வேலை செய்யவில்லை, வேறு எதையோ அசைத்தால் ரிவெர்ப் மாறுகிறது" என்று சொல்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். லேர்ன் செய்யுமுன் மிடி மானிட்டரைத் திறந்து கையை எடுத்துவிட்டு அரை நிமிடம் பாருங்கள். கருவி தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும் ஆக்டிவ் சென்சிங், கிளாக் ஆகிய இரண்டைத் தவிர ஒரு வரிகூட ஓடக்கூடாது. ஓடினால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு முதலில் அதைத் தடுத்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

துடிக்கும் ஸ்லைடருக்கு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பொட்டென்ஷியோமீட்டருக்கென்றே விற்கும் மசகு கலந்த கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, முழு நீளத்துக்கு இருபது முப்பது தரம் மேலும் கீழும் ஓட்டி, நன்கு காயவிட்டு மாட்டவேண்டும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இதில் அடித்தால் இன்றைக்குச் சரியாவது போலிருக்கும். அந்த எண்ணெயில் மணல் ஒட்டிக்கொண்டு சில வாரத்தில் தடமே தேய்ந்துபோகும். கருவிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு வையுங்கள், அவற்றை அவ்வப்போது சூடுகாட்டி ஈரம் போக்குங்கள். கச்சேரி முடிந்த கையோடு ஈரக்காற்றில் நனைந்த கீபோர்டை உறைக்குள் திணித்து மூடுவதுதான் எல்லாவற்றையும்விட அதைக் கெடுக்கிறது.

ஆஃப்டர்டச், அதாவது அழுத்திய சாவியின் மேல் கூடும் அழுத்தத்தை உணரும் வசதி உள்ள கீபோர்டு, சாவியை அழுத்திப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் செய்திகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பழைய ஐந்து முள் மிடி வயரில் வேகம் நொடிக்கு 31,250 பிட். மூன்று பைட் செய்தி ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லி நொடி பிடிக்கும். செய்திகள் குவிந்தால் சுரம் பிந்தும். ஆஃப்டர்டச் பயன்படாத ஒலியென்றால் கீபோர்டிலேயே அதை நிறுத்திவிடுங்கள்.

இனி சுருதி. பாடகர் ஒன்றரைக் கட்டை என்பார், அடுத்து வரும் பாடகி ஐந்தரைக் கட்டை என்பார். சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் கட்டுப்பாட்டைத் திரையில் ஒரே இடத்தில் மட்டும் வையுங்கள். கீபோர்டின் சொந்த டிரான்ஸ்போஸ் பட்டனை எப்போதும் பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள். கீபோர்டில் மாற்றினால் இடக்கைக்கு வேறு ஒலி, வலக்கைக்கு வேறு ஒலி என்று பிரித்த எல்லையும், சாவியில் கட்டிவைத்த உடுக்கை, கைதட்டல் ஒலிகளும் சேர்ந்து நகர்ந்துவிடும். திரையில் மாற்றினால் சுரத்துக்கு மட்டும் மாறும்படி அமைக்கலாம்.

அந்தக் கட்டுப்பாட்டின் மேல் +1, +2 என்று எண் காட்டுவதைவிடக் கட்டையே தெரிந்தால் நல்லது. ஆனால் அரை அரையாகக் கூட்டிக்கொண்டு போனால் தவறும். மூன்று கட்டைக்கும் நான்கு கட்டைக்கும் நடுவே அரை கிடையாது, ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவேயும் கிடையாது. எனவே 1, 1½, 2, 2½, 3, 4, 4½, 5, 5½, 6, 6½, 7 என்று பன்னிரண்டு பெயர்களை வரிசையாகத் தட்டச்சு செய்து ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயரை ஒட்டிவிடுங்கள். ஒரு கட்டை என்பது சி, ஐந்து என்பது ஜி என்று கிட்டார்காரருக்கும் உடனே புரியும்படி பக்கத்திலேயே அதையும் போடலாம். ஐந்தரைக் கட்டைக்கு எட்டு படி மேலே ஏற்றுவதைவிட நான்கு படி கீழே இறக்கி ஒரு ஆக்டேவ் தள்ளி வாசிப்பது பல ஒலிகளுக்கு இயல்பாக இருக்கும். நாதஸ்வர ஒலியை மேலே இழுத்தால் பீப்பீ என்று மெலிந்துபோகும்.

சாவியை அழுத்திக்கொண்டிருக்கும்போது டிரான்ஸ்போஸ் மாற்றினால் சில ப்ளக்-இன், மென்பொருள் சேர்க்கைகளில் சுரம் தொங்கிவிடும். சி என்று தொடங்கிய சுரத்துக்கு, கையை எடுக்கும்போது சி ஷார்ப்புக்கான நிறுத்தச் செய்தி போகும். சி-யை நிறுத்த யாரும் இல்லை. கை எடுத்த பிறகே சுருதி மாற்றுங்கள். அதையும் மீறித் தொங்கினால் நிறுத்த, திரையில் பேனிக் பட்டன் ஒன்று இருந்தே ஆகவேண்டும். அந்தப் பட்டன் என்ன அனுப்புகிறது என்பதைப் பாருங்கள். எல்லாச் சுரமும் நில் என்ற சிசி 123 மட்டும் போதாது, ஏனென்றால் சஸ்டெயின் பெடல் பிடித்திருக்கும் நிலையில் அது சுரத்தை நிறுத்தாது. முதலில் சிசி 64 மதிப்பு 0, பிறகு சிசி 123, கடைசியாக எல்லா ஒலியும் நில் என்ற சிசி 120. இவை மூன்றும் 16 சேனல்களுக்கும் போகவேண்டும். பிட்ச் பெண்டையும் நடுவான 8192-க்குத் திருப்பிவிட்டால் இன்னும் நல்லது.

சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்வதற்குக் காரணம் வேறு. பல கீபோர்டுகள் ஆன் செய்யும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதைத்தான் "விட்ட நிலை" என்று எடுத்துக்கொள்ளும். ஆன் செய்யும்போது பெடலில் கால் இருந்தால் கதை முடிந்தது. காலை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள், வேறு ஒன்றும் செய்யவேண்டாம்.

கமகத்துக்கு பிட்ச் பெண்ட் வீலை நம்பியிருக்கும் நம் வாசிப்பில் அதன் எல்லை முக்கியம். இயல்பாக அது மேலும் கீழும் இரண்டு அரைச் சுரம். நாதஸ்வரம், வீணைக்கு மூன்று நான்கு வைத்துக்கொள்பவர்கள் உண்டு. ப்ளக்-இன்னிலேயே பாட்டுக்குப் பாட்டு அதைப் பதிந்து வைப்பதுதான் சிறந்தது. மிடி செய்தியால் அனுப்புவதென்றால் சிசி 101 மதிப்பு 0, சிசி 100 மதிப்பு 0, பிறகு சிசி 6-இல் வேண்டிய அரைச் சுர எண்ணிக்கை என்று வரிசை மாறாமல் போகவேண்டும். முடித்ததும் 101, 100 இரண்டுக்கும் 127 அனுப்பிக் கதவை மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டு, பிறகு தெரியாமல் ஒரு திரை நாப்புக்கு சிசி 6 என்ற எண்ணைக் கொடுத்திருந்தால், அந்த நாப்பைத் திருப்பும்போதெல்லாம் வீலின் எல்லை மாறும். கமகம் சுருதி விலகிப்போகும், காரணம் யாருக்கும் பிடிபடாது. சொந்த நாப்புகளுக்கு 20 முதல் 31 வரையோ 102 முதல் 119 வரையோ உள்ள எண்களைக் கொடுங்கள். அவற்றுக்குத் தரத்தில் குறிப்பிட்ட வேலை எதுவும் ஒதுக்கப்படவில்லை.

திரையில் எத்தனை வைப்பது? எட்டுக்கு மேல் வேண்டாம். மொத்த வால்யூம், பேனிக், அடுத்த பாட்டு, முந்தைய பாட்டு, சுருதி ஆகிய ஐந்தும் எந்தப் பாட்டிலும் இடம் மாறக்கூடாது. அவற்றை மெயின்ஸ்டேஜில் கான்சர்ட் மட்டத்திலும், கிக் பெர்ஃபார்மரில் குளோபல் ராக்ஸ்பேஸிலும் வைத்துவிட்டால் பாட்டு மாறினாலும் அப்படியே நிற்கும். மீதி மூன்றும் பாட்டுக்கு உரியவை. அவற்றின் தொடக்க மதிப்பை அந்தந்தப் பாட்டோடு சேமியுங்கள். பேனிக்கையும் "அடுத்த பாட்டை"யும் பக்கம்பக்கமாக வைக்காதீர்கள். தொடுதிரையென்றால் ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். வட்ட நாப்பைவிட நெட்டை ஃபேடர் விரலுக்கு வாகு. மாலை நாலு மணி வெயிலில் கறுப்புப் பின்னணித் திரை முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். பகல் கச்சேரிக்கு வெளிர் பின்னணி, இரவுக்குக் கறுப்பு என்று இரண்டு வடிவம் வைத்துக்கொள்ளலாம். ஐபேடைக் கட்டுப்பாட்டுப் பலகையாக வைப்பவர்கள் அது 35 டிகிரி வரையிலான சூழலுக்கே செய்யப்பட்டது என்பதை நினைவில் வைக்கவேண்டும். நேர் வெயிலில் திரை தானாக மங்கும், பிறகு சூடு தணியும்வரை வேலை செய்ய மறுக்கும். அதை வைஃபையிலும் புளூடூத்திலும் இணைக்காதீர்கள். மைதானம் நிறையக் கைபேசிகள் இருக்கும் இடத்தில் வயர்தான் நம்பிக்கை.

தொடுதிரை யாரும் தொடாமலேயே தானாக அழுந்துவதையும் பார்த்திருப்பீர்கள். நில இணைப்பு இல்லாத சார்ஜரின் மின் இரைச்சல் திரையின் உணரிக்குள் ஏறுவதுதான் பெரும்பாலும் காரணம். ஜெனரேட்டர் மின்சாரத்தில் இது கூடும். சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். மூன்று முள் சார்ஜரையும் உண்மையிலேயே எர்த் உள்ள பிளக்கையும் பயன்படுத்துங்கள். ஒலியில் உறுமல் வந்தால், கருவியை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். உறுமலை நிறுத்த எர்த் முள்ளை வெட்டும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பனியும் வியர்வையும் படிந்த மேடையில் அது உயிரைப் பறிக்கும். தயவுசெய்து யாரும் செய்யவேண்டாம்.

விண்டோஸில் ஒரு விஷயம். கீபோர்டின் யுஎஸ்பி வயரை வேறு துளையில் செருகினால் அதே கருவிக்கு முன்னால் "2-" சேர்ந்து புதுப் பெயர் வரக்கூடும்; பழைய இணைப்புகள் எல்லாம் அறுந்ததுபோல் தெரியும். எந்த வயர் எந்தத் துளை என்று வண்ண டேப் ஒட்டி வைத்தால் போதும். பவர் செட்டிங்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்திவிடுங்கள். கமிட்டித் தலைவர் பேசி முடிக்கும்வரை சும்மா இருந்த கருவி தூங்கிப்போவது அதனால்தான். கால் பட்டனால் பாட்டு மாற்றுபவர்கள், பாட்டைத் தேர்ந்தெடுக்கும் புரோகிராம் எண்ணைச் சில கருவிகள் 0-இலிருந்தும் சில 1-இலிருந்தும் எண்ணும் என்பதைக் கவனியுங்கள். ஒரு பாட்டு தள்ளி வந்தால் காரணம் அதுதான்.

இவ்வளவையும் கீபோர்டுக்காரர் வீட்டில் சரிசெய்துவிடலாம். மேடையில் மட்டுமே தெரியவருபவையும் உண்டு, அதற்கு விழாக் கமிட்டியார் துணை வேண்டும். இசைக்குழுவுக்குத் தனி லைன் இழுத்துக் கொடுங்கள். சீரியல் செட்டும் ஃபோகஸ் விளக்குகளும் தொங்கும் அதே லைனில் லேப்டாப்பை மாட்டச் சொல்லாதீர்கள். அன்று இரவு ஓடப்போகும் அதே ஜெனரேட்டரைக் கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஓடவிட்டு, விளக்குகளையும் முழுதாக எரியவிட்டு, குழுவுக்கு முக்கால் மணி நேரமாவது சவுண்டு செக் கொடுங்கள். தானாக அழுந்தும் திரையும் துடிக்கும் ஸ்லைடரும் அந்த நேரத்தில்தான் தெரியவரும். சாமி புறப்பாடு முடிந்து கூட்டம் உட்கார்ந்த பிறகு தெரிந்தால் சரிசெய்ய வழியில்லை. மேடையின் கச்சான் காற்றுப் பக்கம் ஒரு படுதா கட்டிக் கொடுத்தால் மறு வருடமும் அதே கீபோர்டு நல்லபடி பாடும்.

இப்படிக்கு,
கீபோர்டு வாசிப்போர், மேடை ஒலி வேலை பார்ப்போர் சிலர்,
தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை.